பதினாறில் ஒன்று

காசிமேட்டு நெத்திலியைக் கிள்ளிக்கொண்டிருந்த என் மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அம்மா, ஒரு பாம்பு வாங்கிக்கட்டா?" என்று கேட்டான் என் மகன். பைக் கேட்பான், விலை கூடிய செல்போன் கேட்பான், கொஞ்சம் தள்ளி ஏதாவது ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுவான் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தவள், இதற்கு மட்டும் வைத்திருக்கவில்லை. தலை போன நெத்திலி ஒன்று அவள் விரலிலேயே நின்றது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் யார் என்ன செய்தாலும் பார்வை கடைசியில் என்னிடம்தான் வரும். பழைய டேபிள் ஃபேன் மாதிரி, நாலு பக்கமும் சுற்றிவிட்டு என் முகத்தில் வந்து சிக்கிக்கொள்ளும்.

"இன்னா பாம்பு?" என்று கேட்டேன்.

அங்கேதான் தப்புச் செய்தேன். பொறுப்புள்ள தகப்பன் கேட்க வேண்டிய கேள்வி, "இன்னாடா ஒளர்றே?" என்பது. ரகம் கேட்டவன் பாதி விலை பேசிவிட்டவன்.

"கார்ன் ஸ்னேக், நைனா. விஷம் இல்ல. ஒண்ணியும் பண்ணாது. கலர் கலரா சோக்கா இருக்கும்" என்று செல்போனை நீட்டினான். உண்மையிலேயே சோக்காகத்தான் இருந்தது. ஆரஞ்சு உடம்பு. அதன்மேல் குங்குமச் சிவப்பில் பெரிய பெரிய திட்டுகள். ஒவ்வொரு திட்டையும் சுற்றி, மை தொட்டுக் கரை கட்டினதுபோல் கறுப்பு. வயிற்றுப் பக்கம் திருப்பினால் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். அந்தக் கட்டம் அமெரிக்காவில் விளைகிற பல நிறச் சோளக்கதிர் போல இருப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். சோளக் கொட்டகையில் எலிக்காகச் சுற்றித் திரியும், அதனால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு.

இந்த இடத்தில் ஆதரவு வந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. எங்கள் அத்தை. மாமியார்தான், ஆனால் என் அப்பாவோடு கூடப் பிறந்தவள். நான் அத்தை மகளைக் கட்டியவன். இந்த உறவுமுறையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போகிறவள். அங்கே ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். மேலே கவசம் போட்டிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் களைவார்கள். வாசுகி வந்து ஐக்கியமானதால் படம்பக்கநாதர் என்றும் அவருக்குப் பெயர்.

"ஒத்தியூரான் பக்கத்துலயே பாம்பு கீது. நம்ம வூட்டாண்ட இருந்தா இன்னா கொறஞ்சி பூடும்? பாலு நான் ஊத்தறேன்" என்றாள்.

"ஆயா, அது பால் குடிக்காது. எலிதான் துன்னும். ஃப்ரீஸர்ல வெச்ச எலி. வாரத்துக்கு ஒண்ணு."

"வெள்ளிக்கெழமையா?"

"எந்தக் கெழமைன்னு நாமளே வெச்சிக்கலாம் ஆயா."

"அப்ப செவ்வா வெள்ளி வாணாம்" என்று, இன்னும் வராத பாம்புக்கு அத்தை விரத நாள் குறித்துவிட்டாள்.

என் மனைவி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "ஃபிரிஜ்ஜுல வஞ்சிரத்துக்குப் பக்கத்துல எலி வந்துச்சுன்னா, அப்பறம் நீங்களே சமையல் பண்ணிக்கோங்க." சொல்லிவிட்டு நெத்திலிக்குத் திரும்பினாள். மற்றவர்களுக்கு விஷயம் அங்கேயே முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை.

நான் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷமாக பில் ஆஃப் என்ட்ரி போடுகிறவன். ஊரார் சரக்கெல்லாம் என் கையெழுத்தில் கப்பலிலிருந்து இறங்கும். எனக்கென்று ஒரு பொட்டலமும் இறங்கியதில்லை. இப்படிப்பட்டவனுக்கு ராத்திரி பதினொரு மணிக்குமேல் கையில் செல்போன் கொடுத்தால் ஆபத்து. தொழில் யோசனைகள் எனக்கு அந்த நேரத்தில்தான் வரும். காளான் வந்திருக்கிறது, ஈமு கோழி வந்திருக்கிறது. இந்த முறை பாம்பு.

படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது: ஒரே பாம்பு, ஊருக்கு ஊர் நிறம் வேறு. சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்கு. தென் கரோலினாவில் ஜாஸ்பர் கவுன்ட்டி என்ற இடத்தில் ஒக்கீட்டீ என்று ஒரு வேட்டைக்காரர் கிளப். அந்த நிலத்துப் பாம்புக்குத்தான் நான் பார்த்த ஆரஞ்சு உடம்பும் தடித்த கறுப்புக் கரையும். நியூயார்க் ஸ்டேட்டன் தீவு மிருகக்காட்சிசாலையில் இருந்த கார்ல் காஃபெல்ட், பாம்பு பிடிக்கப் போன கதைகளை 1957-ல் புத்தகமாகப் போட்டு அந்த இடத்தைப் புகழ்ந்தார். ஊர்ப் பெயர் பாம்புக்கு ஒட்டிக்கொண்டது. மயாமிப் பக்கத்துப் பாம்புக்கு உடம்பு சாம்பல், திட்டு மட்டும் ஆரஞ்சு. ஃப்ளோரிடாவுக்குத் தெற்கே கீஸ் என்று தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே போனால் கறுப்பு குறைந்து, துவைத்துத் துவைத்து வெளுத்த ரோஜா நிறம்.

நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. மல்லி என்றால் மதுரை, பூட்டு என்றால் திண்டுக்கல் என்று பேசியே வளர்ந்தவர்கள் நாம். அதோடு வருகிற தில்லுமுல்லும் நமக்குப் பழக்கம்தான். ஒக்கீட்டீ என்று விற்பதெல்லாம் அந்த ஊர் மண்ணில் பிடித்த வம்சம் இல்லை. அந்தச் சாயல் வருகிற குட்டிகளாகப் பார்த்துப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வளர்த்ததும் அதே பெயரில்தான் போகும். அதனால் ஊர்ச் சுத்தம் பார்க்கிறவர்கள், எந்த இடத்தில் பிடித்த வழி என்று தனியாக விசாரிக்கிறார்கள். கல்மண்டபத்துத் தள்ளுவண்டியில் 'அசல் சேலம்' என்று எழுதியிருந்த மாம்பழத்தை நான் பெட்டியோடு வாங்கி வந்திருக்கிறேன். பெட்டியைப் பிரித்தால் உள்ளே விரித்திருந்தது தெலுங்குப் பேப்பர்.

எங்கள் பக்கத்திலும் ஊருக்கு ஊர் நிறம் உண்டு. பாம்பில் அல்ல, வேட்டியில். நான் வளர்ந்த காலத்தில் ராயபுரத்து மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால், சாயங்காலம் மடிக்கும்போது ஓரமெல்லாம் கறுப்புக் கரை கட்டியிருக்கும். துறைமுகத்து நிலக்கரித் தூள். எந்த ஒக்கீட்டீக்கும் குறைந்த கரை அல்ல. 2011-ல் உயர் நீதிமன்றம் சொல்லித்தான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அந்த வேலை எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. அங்கே என் சித்தப்பா மகன் இருக்கிறான். அனல் மின் நிலையத்துச் சாம்பலில் ஏற்கெனவே அவன் வேட்டி மயாமி ரகம். கரியும் சேர்ந்த பிறகு என்ன ரகம் என்று அவனுக்கே தெரியவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பைக்கில் வருகிறவர்களுக்குத் துருப்பிடித்த பழுப்பு. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரும்போது பின்னால் நின்று வேட்டியைப் பார்த்தாலே எந்த ஊர்ச் சொந்தம் என்று சொல்லிவிடலாம்.

இதுவரை இயற்கை. இதற்குமேல் ஆள் புகுந்து செய்தது.

புகுந்தவர் ஒரு தோல் டாக்டர். ஜார்ஜியா மாநிலத்து பெர்னார்ட் பெக்டெல். 1953-ல் வட கரோலினாவில் உடம்பில் கறுப்பே இல்லாத ஓர் ஆண் பாம்பு அகப்பட்டது. கறுப்புச் சாயம் உடம்பில் உண்டாகாத பிறவி, கண்கூட சிவப்பு. காட்டில் அது ஒரு குறை, தூரத்திலிருந்தே பருந்துக்குத் தெரியும். இந்தக் குறையைச் சாதாரணப் பெண் பாம்போடு சேர்த்தால் குட்டிகள் அத்தனையும் சாதாரணம். வேறு யாராக இருந்தாலும் கூண்டை விற்றிருப்பார்கள். டாக்டர் விடவில்லை. அந்த வழியில் 1961-ல் கறுப்பில்லாத குட்டிகள் முட்டையிலிருந்து வந்தன. தாத்தாவின் நிறம் நடுத் தலைமுறைக்குள் சத்தமில்லாமல் ஒளிந்து வந்து பேரனிடம் தலைகாட்டியது.

இது எனக்குச் சட்டென்று விளங்கியதற்குக் காரணம் எங்கள் தாத்தாவின் குறட்டை. அவர் தூங்கினால் ராயபுரம் ஸ்டேஷனில் ஷண்டிங் நடப்பதாகத் தெருவே நினைத்துக்கொள்ளும். ஆனால் அவர் பிள்ளைகளான என் அப்பாவும் அத்தையும் பூனை மாதிரி தூங்குகிறவர்கள். நானும் அப்படி, என் மனைவியும் அப்படி. எங்கள் இருவருக்குமே அவர்தான் தாத்தா. இரண்டு பக்கத்திலும் ஒளிந்து வந்த அந்தக் குறட்டை, என் மகன் பிறந்து குரல் உடைந்த மறுவருஷம் பரிபூரணமாக வெளிப்பட்டது. அத்தை மட்டும் அன்றைக்கு அழுதாள். "எங்கப்பா வந்துட்டார்றா" என்றாள். அமெரிக்க டாக்டர் எட்டு வருஷத்தில் கண்டதை எங்கள் குடும்பம் அறுபது வருஷம் எடுத்துக்கொண்டு கண்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியே சாதாரணமாகத் தெரிந்து, உள்ளே மறைத்து வைத்திருக்கும் இரண்டு பாம்புகளைச் சேர்த்தால் சராசரியாக நாலு குட்டியில் ஒன்றுக்கு அந்த நிறம் வரும். கறுப்பு இல்லாதது ஒரு ரகம். சிவப்பு இல்லாதது இன்னொரு ரகம். அது கறுப்பும் சாம்பலுமாகப் பழைய சினிமாப் படம்போல இருக்கும். கறுப்பும் சிவப்பும் இரண்டுமே போய்விட்டால் வருவது வெள்ளை, பனி என்று பெயர். (கறுப்பும் சிவப்பும் போக வேண்டும் என்று எங்கள் தெருவில் உரக்கச் சொல்ல முடியாது. நான் பாம்பைத்தான் சொல்கிறேன் என்று விளக்குவதற்குள் பாதிப் பல் போயிருக்கும்.) அப்பா அம்மா இருவரும் இரண்டு குறையையும் உள்ளுக்குள் வைத்திருந்தால், வெள்ளை வருவதற்கான கணக்கு பதினாறுக்கு ஒன்று.

பதினாறு! என் கல்யாணத்தில் அட்சதை போட்ட அத்தனை பேரும் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழச் சொன்னார்களே, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒன்றோடு நிறுத்திக்கொண்ட என் அறியாமையை நொந்துகொண்டேன்.

ஊர் நிறத்தையும் இந்தக் குறையையும் ஒன்றாகச் சேர்த்தால் இன்னும் வேடிக்கை. ஒக்கீட்டீயில் கறுப்பை எடுத்துவிட்டால் கறுப்புக் கரை இருந்த இடத்தில் வெள்ளைக் கரை. அதற்குத் தலைகீழ் ஒக்கீட்டீ என்று பெயர். மயாமிப் பாம்பின் சாம்பல் உடம்பில் கறுப்பை எடுத்து, மேலும் வெளுத்த குட்டிகளையே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு போனால், வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு. கிறிஸ்துமஸ் மிட்டாய்க் குச்சியின் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பெண் பார்க்கப் போய் 'கொஞ்சம் கலர் கம்மி' என்று சொல்லிவிட்டு வருவதைத்தான் அங்கே பாம்புக்குச் செய்கிறார்கள். பாம்பு கோபித்துக்கொள்வதில்லை. என்னைப் பார்க்க வந்தபோது தரகர் 'மாநிறம்' என்று சொல்லியிருந்தாராம். அத்தையே, கூடப் பிறந்த அண்ணன் மகனை, "மாநிறம்னு சொல்லிக்கலாம்" என்றுதான் ஒப்புக்கொண்டாள்.

ஆபீஸ் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு ஜோடி. ஒரு தடவைக்குப் பத்திலிருந்து முப்பது முட்டை. இருபத்தெட்டு டிகிரிச் சூட்டில் ஏறக்குறைய இரண்டு மாதம் வைத்தால் பொரியும். அமெரிக்கர்கள் இதற்கு ஹீட்டர் வாங்குகிறார்கள். ராயபுரத்தில் மே மாதம் இருபத்தெட்டு டிகிரி வேண்டுமென்றால் ஏசி வாங்க வேண்டும். இதை நான் செலவில் எழுதவில்லை, வரவில் எழுதினேன். பாம்பு முட்டைக்கு ஏசி போட்டால் அதே அறையில் ஒரு பாயும் தலையணையும் போடத் தடை இல்லையே. மூன்றாம் வருஷக் கடைசியில் நான் வேலையை விடுகிற தேதி வரைக்கும் அந்த நோட்டில் இருக்கிறது.

பிறகு, இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில், கை தானாக டாரிஃப் புத்தகத்தைப் புரட்டியது. 0106 20. உயிருள்ள ஊர்வன; பாம்பும் ஆமையும் உட்பட. தனிக் கோடே இருக்கிறது! எத்தனை கண்டெய்னர் டைல்ஸும் பிளாஸ்டிக் குருணையும் போட்ட கை, ஒரு நாள் இந்தக் கோடையும் போடும் என்று பூரித்தேன். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், லைசென்ஸ் இல்லாமல் வராது. லைசென்ஸுக்கு மேல் கால்நடைத் துறை அனுமதி. அதற்கும் மேல், வந்த பிராணியைத் தனியாக வைத்துப் பார்க்கிற நிலையம். இத்தனை மேசையிலும் ஒரு பாம்பின் காகிதம் நகர்வதற்குள் பாம்பு சட்டையுரித்து, சட்டை மட்டும் டெலிவரி ஆகும்.

ஆபீஸில் லேசாகப் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டு, விமான நிலையக் கதையைச் சொன்னார். 2023 ஜனவரி 11. மீனம்பாக்கத்தில் யாரும் எடுக்காமல் கிடந்த இரண்டு பைகளை கஸ்டம்ஸ்காரர்கள் திறந்தால், 45 பந்து மலைப்பாம்பு, 3 மார்மோசெட் குரங்கு, 3 நட்சத்திர ஆமை, கூடவே நம்ம ஆள், கார்ன் ஸ்னேக், 8. அத்தனையும் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பப்பட்டன. அதே வருஷம் ஏப்ரல் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து வந்திறங்கிய ஒரு பெண்மணியின் பெட்டிகளில் 22 பாம்பும் ஒரு பச்சோந்தியும். எனக்கு அந்தப் பெண்மணியின் தைரியத்தைவிட அவர் வீட்டார் மேல்தான் வியப்பு. திருப்பதி போய்வந்த பையில் ஒரு லட்டு கூடுதலாக இருந்தாலே எங்கள் வீட்டில் விசாரணை நடக்கும்.

பந்து மலைப்பாம்பு சைட்டீஸ் என்னும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, அந்தப் பட்டியலில் உள்ளதை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். கார்ன் ஸ்னேக் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் நாலு சுற்று வேகமாக நடந்தேன். ஐந்தாவது சுற்றில்தான் உறைத்தது: அது இல்லாதது அந்தப் பட்டியலில், டாரிஃப் புத்தகத்தில் இருக்கிறதே. இருந்தும், ஏற்கெனவே உள்ளூரில் பிறந்த குட்டி கிடைக்கும் என்று ஒருவனைப் பிடித்துப் போனில் பேசினேன். "ஃபுல் லீகல் சார், நம்பி வாங்கலாம்" என்றான். "அப்பா அம்மா எந்த பில் ஆஃப் என்ட்ரியில வந்தாங்க தம்பி, நம்பர் சொல்லு" என்றேன். தொழில் புத்தி. போனை வைத்துவிட்டான்.

மனசு ஆறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை இழுத்துக்கொண்டு கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போனேன். ரோமுலஸ் விட்டேகர் 1972-ல் தொடங்கியது. கார்ன் ஸ்னேக் இல்லாவிட்டால் போகிறது, அதற்குத் தூரத்துப் பங்காளியான நம் சாரையைப் பார்ப்போம். விஷம் இல்லை, எலி தின்னும், என்ன, கலர் மட்டும் ராயபுரம் கலர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குனிந்து, பின்னாளில் முதலாளி ஆகப்போகிறவனின் பார்வையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சாரை தலையைத் தூக்கியது. அவ்வளவுதான் அது செய்தது. நான் பின்னால் குதித்ததில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் காலை மிதித்துவிட்டேன். கூட வந்திருந்த டீச்சர், "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பசங்க பயப்படறாங்க" என்றார். பாம்பைப் பார்த்து அல்ல.

ஆறு மாதமாகப் பாம்பையே நினைத்துத் தூங்கியவனுக்கு, தான் பாம்புக்குப் பயந்தவன் என்பது நினைவிலேயே இல்லை. பேருந்தில் வரும்போது மகன் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "நைனா, அப்ப பைக்?" என்றான். இப்போது யோசித்தால், பாம்பில் ஆரம்பித்ததே பைக்குக்காகத்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அவன் விட்டுவிட்டான். பதினாறில் ஒன்று என்ற கணக்கு என்னை விடவில்லை. பாம்பு இல்லாவிட்டால் என்ன, கணக்கு எல்லா உயிருக்கும் பொதுதானே. எங்கள் தெருவில் நாலு மாடிக்கு ஒரு மாடியில் புறாக்கூண்டு இருக்கிறது. 2015-ல் 'மாரி' படம் வந்தபோது உலகத்துக்குத் தெரிந்தது, எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். எதிர் மாடிக்காரர் ஹோமர் வைத்திருக்கிறார், பந்தயத்துக்கு விடுகிறவர். நிறத்துக்காகப் புறா வளர்க்கிறவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

"கலர்ல இன்னா சார் கீது? உட்டா வூடு வந்து சேருதா, அத்த பாரு."

அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். பிராட்வே பக்கம் ஞாயிறு சந்தைக்குப் போய், விசிறி வால் விரித்த வெள்ளை லக்கா ஓர் ஆணும், மைக்கறுப்பில் ஒரு பெண்ணும் வாங்கி வந்தேன். இரண்டும் சேர்த்து இரண்டாயிரத்து அறுநூறு. வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தால் இரண்டாம் தலைமுறையில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு முத்து நிறம் வரும் என்பது என் கணிப்பு. 'ராயபுரம் முத்து' என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. ஒக்கீட்டீக்கு ஒரு ஊர் இருந்தால் நமக்கும் ஒன்று இருக்கக் கூடாதா?

பதினெட்டு நாளில் இரண்டு குஞ்சு. இறகு முளைத்ததும் பார்த்தால் பழுப்பும் கறுப்புமாகத் தேய்ந்த கலவை, அடுப்பு துடைத்த துணி. விசிறி வாலும் பாதிதான். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அசரவில்லை. பெக்டெல்லுக்கும் முதல் தலைமுறை இப்படித்தானே ஏமாற்றியது? அடுத்த வருஷம் அந்த இரண்டையும் ஜோடி சேர்த்தேன். அத்தைதான் பதறிப்போனாள்: "அண்ணன் தங்கச்சிடா அது! ஏண்டா, அத்த மவ ஒண்ணு கெடைக்கலியா அதுக்கு?"

இரண்டாம் தலைமுறை பிறந்தது. ஒரு ஞாயிறு காலை கூண்டைத் திறந்து பார்க்கிறேன்: நீலச் சாம்பல் உடம்பு, இறக்கையில் இரண்டு கறுப்புக் கோடு, கழுத்தில் பச்சையும் ஊதாவுமாய் மினுக்கு. அப்பட்டமான ராயபுரம் ஸ்டேஷன் புறா. 1856-ல் திறந்த அந்தக் கட்டடத்துத் தூண் இடுக்குகளில் இலவசமாகக் கிடைப்பது. இரண்டாயிரத்து அறுநூறு ரூபாயும் ஒன்றரை வருஷமும் செலவழித்து அதையே நான் வீட்டில் தயாரித்திருக்கிறேன்.

யாரோ ஏமாற்றி மட்டமான பறவையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு வாரம் சந்தைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு படித்தேன். இதே காரியத்தைச் சார்லஸ் டார்வின் செய்திருக்கிறார். 1855-ல் புறா வளர்க்கத் தொடங்கி, லண்டனில் இரண்டு புறாச் சங்கங்களில் சேர்ந்து, வெள்ளை விசிறிவாலையும் பார்ப் என்கிற கறுப்பு ரகத்தையும் ஜோடி சேர்த்தார். முதல் தலைமுறை பழுப்பும் கறுப்புமாய்க் கலங்கல். அவற்றைத் தங்களுக்குள் சேர்த்தபோது வந்த பேரக்குஞ்சு ஒன்று நீலம், இறக்கையில் இரட்டைக் கறுப்புப் பட்டை, அசல் மாடப்புறா. ஆசை ஆசையாக மனிதன் பிரித்து வைத்த நிறங்கள் எல்லாம் அந்த ஒரே மாடப்புறாவிலிருந்து வந்தவை என்பதற்கு 1859-ல் வந்த தம் புத்தகத்தில் இதை ஒரு சாட்சியாக வைத்தார். நான் செய்த அதே தப்பு. அவருக்குப் பெயர் விஞ்ஞானி.

இன்னும் வயிறெரிந்தது எதற்கென்றால், டார்வினுக்கு இந்தியாவிலிருந்து புறாத் தோல்களைச் சேகரித்து அனுப்பியவர் எங்கள் ஊரில் இருந்தவர். மதராஸ் சிவில் சர்வீஸில் உயர் பதவி வகித்த வால்ட்டர் எலியட். (பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் பெயர் கொடுத்த எலியட் வேறு ஆள். வட சென்னைக்காரன் சொன்னால் நம்ப வேண்டும்.) தோல் மட்டுமல்ல, 1770-ல் காலமான சையித் முகம்மது முசாரி என்பவர் பாரசீகத்தில் எழுதிய புறா நூலின் மொழிபெயர்ப்பையும் அவரே டார்வினுக்குக் கிடைக்கச் செய்தார். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பிய அதே காலத்தில், மதராஸ் புறாக்கள் கப்பலேறியிருக்கின்றன. அவற்றுக்கு பில் போட்ட கிளார்க் யாரோ, அவனும் தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொண்டிருக்க மாட்டான். பாம்புக்கு எலி கேட்ட வீட்டுக்கு எலியட் வந்து சேர்ந்தார் என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மனைவி குழம்புச் சட்டியை என் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்த நீலக் குஞ்சுகள் இரண்டும் வளர்ந்து, ஒரு நாள் கூண்டைத் திறந்ததும் எழும்பி, ஸ்டேஷன் பக்கம் போய்விட்டன. லக்கா மட்டும் பறக்கத் தெரியாமல் வாலை விரித்துக்கொண்டு மாடியில் நடந்துகொண்டிருக்கிறது. கார்ன் ஸ்னேக்கில் ஸ்னேக் வரவில்லை. கார்ன் மட்டும் மாதம் பத்துக் கிலோ மூட்டையாக வருகிறது. சாயங்காலம் ஒரு பிடி அள்ளிக் கைப்பிடிச் சுவரில் போட்டால் ஐம்பது அறுபது புறா இறங்கும். அத்தனையும் நீலம், அத்தனைக்கும் இரண்டு கோடு. அதில் எது என்னுடைய ராயபுரம் முத்து என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் போடுகிறேன்.

எதிர் மாடிக்காரர் நேற்றும் கேட்டார். "இன்னா சார், உன் ஜோடி வூடு வந்து சேர்ந்துச்சா?"

மானம் போகக் கூடாதே என்று, சுவரோரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சோளம் பொறுக்கிய இரண்டைக் கை காட்டி, "வந்துச்சே, அதோ" என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அது என்னுது சார்."